இருபத்தாறாவது பிரதி

ஜூன் 3, திங்கள்

ஆபீஸில் மிச்சமாகக் கிடந்த லாக் புக் இது. எங்கள் காலிப்ரேஷன் லேபில் சரிபார்க்க வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒன்று போடுவோம். வெர்னியரோ எடைக்கல்லோ பிரஷர் கேஜோ, வந்த தேதி, பார்த்த தேதி, பிழை எவ்வளவு, பச்சை ஸ்டிக்கரா சிவப்பு ஸ்டிக்கரா என்பதெல்லாம் இதில் ஏறும். கம்பெனி டாக்டர் தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார். முதல் பக்கத்தில் 'கருவியின் பெயர்' என்ற இடத்தில் நந்தகோபால் என்று எழுதினேன். 'வந்தபோது இருந்த நிலை' என்பதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஜூன் 4

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 8, சனி

காலையில் பேராசிரியர் அரங்கசாமி வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்; எழுத்தாளர் வரதையன் நூற்றாண்டுக் குழுவின் செயலாளர். என் மனைவி பூங்கோதை சேர்த்துவைத்திருந்த புத்தகங்களைப் பற்றிப் பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

பீரோவைத் திறந்து காட்டினேன். உள்ளே இருப்பது எல்லாம் ஒரே புத்தகம். வரதையனின் கடைசி நாவல், 'ஏழரை மணிச் சங்கு'. முப்பத்தொன்பது பிரதிகள். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் அவருடைய கையெழுத்து, 12-1-2012 என்று வெளியீட்டு விழாத் தேதி, அதற்குக் கீழே பேனாவால் எழுதிய வரிசை எண். பேராசிரியர் வாசலிலேயே செருப்பைக் கழற்றியிருந்தும், இன்னொரு முறை குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் வரதையனுக்குப் பக்கவாதம் வந்ததாம். கையெழுத்திட்ட நாற்பது பிரதிகள் கிடைக்கும் என்று பதிப்பகத்தார் முன்பே விளம்பரம் செய்திருந்தார்கள். எண்பத்தெட்டு வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, வாசகனுக்குக் கொடுத்த வாக்குக்காக நாற்பதிலும் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் இறந்தார். மேடையில் இதைச் சொல்லித் தான் மூன்று முறை அழுதிருப்பதாகப் பேராசிரியர் சொன்னார். எனக்குச் சொல்லும்போது அழவில்லை.

ஆகஸ்ட் 18 நூற்றாண்டு விழா. குழுவின் நூலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி செய்து, இந்தப் பிரதிகளை வைத்து, 'பூங்கோதை நந்தகோபால் சேகரிப்பு' என்று பித்தளைப் பலகை மாட்டுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. குழுவில் ஒருவர் இதெல்லாம் அசல்தானா என்று கேட்கிறார். நான் கருவிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கிறவன் என்று தெரிந்திருக்கிறது. பிரதிகள் முதற்பதிப்புதான், கையெழுத்து உண்மைதான் என்று சோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வரதையன் தனக்கு எழுதிய மூன்று கடிதங்களை விட்டுப்போனார்.

சரி என்றேன். பீரோ காலியாகும்.

நாளையோடு அவள் போய் நான்கு மாதம். தலை வலிக்கிறது என்று படுத்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். முப்பத்தொரு வயது. ஒரே புத்தகத்தை எதற்கு இத்தனை வாங்குகிறாய் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். சில பேர் ஸ்டாம்ப் சேர்க்கிற மாதிரி என்றாள். எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

ஜூன் 9

கோபியிலிருந்து மாமனார் பேசினார். பலகை விஷயத்தைச் சொன்னேன். சொந்தக்காரர்கள் பதினாலு பேர் வேன் பிடித்து விழாவுக்கு வருவதாகச் சொன்னார். "பேரு பித்தளைலயே இருக்குமுங்களா மாப்ள?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அங்கே மழை உண்டா என்று கேட்டார்.

ஜூன் 15, சனி

முதற்பதிப்புச் சோதனை.

முதற்பதிப்பு என்று அச்சிட்டிருந்தால் முதற்பதிப்பு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று பேராசிரியர் போனில் சொன்னார். அரசு நூலகங்கள் வாங்கும் ஆணைக்குப் புதுப் புத்தகமாகக் காட்ட வேண்டும் என்பதற்காக, இந்தப் பதிப்பகத்தார் இரண்டாம் அச்சிலும் 'முதற்பதிப்பு' என்றே போட்டிருக்கிறார்கள். அப்பாவும் பிள்ளையும் ஒரே பிறந்தநாள் சொல்வது போல. பதிப்பகம் இப்போது இல்லை, கேட்கவும் முடியாது.

இரண்டு அச்சுக்கும் வித்தியாசம் ஒரு தவறில் இருக்கிறது. முதல் அச்சில் 113ஆம் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் 112ஆம் பக்கமே மறுபடி வந்துவிட்டது. இரண்டாம் அச்சில் திருத்திவிட்டார்கள். எங்கள் லேபில் தவறு இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். இங்கே தவறு இருந்தால்தான் மதிப்பு.

முப்பத்தொன்பதிலும் தவறு இருக்கிறது. தேர்ச்சி.

ஜூன் 16

பூங்கோதை நம்பருக்கு ரீசார்ஜ் செய்தேன். கேஸுக்கும் கரண்ட் பில்லுக்கும் ஓடிபி அதில்தான் வருகிறது. என் நம்பருக்கு மாற்றிக்கொள்ளலாம். எண்பத்துநாலு நாள் பிளான் போட்டேன்.

ஜூன் 22, சனி

லேபிலிருந்து மைக்ராஸ்கோப்பை வீட்டுக்கு எடுத்துவந்தேன். கேஜின் பல்லைப் பார்க்கிற கருவிதான், கையெழுத்தையும் காட்டும்.

பேராசிரியர் கொடுத்த கடிதங்களில் வரதையன் மை ஊற்றும் பேனாவால் எழுதியிருக்கிறார். மை காகித நாருக்குள் ஊறியிருக்கிறது. கை வேகமாகப் போயிருக்கிறது. கோடு மெல்லியதாக ஆரம்பித்து மெல்லியதாக முடிகிறது. கடைசி எழுத்திலிருந்து ஒரு சுழி மேலே பறக்கிறது. தன் பெயரை யோசிக்காமல் எழுதுகிற மனிதனின் கோடு.

புத்தகங்களில் ஜெல் பேனா. அது தப்பில்லை, ஆஸ்பத்திரியில் கிடைத்த பேனாவாக இருக்கலாம். ஆனால் கோடு மொட்டையாக ஆரம்பிக்கிறது. நடு நடுவே நின்று நின்று போகிறது. நின்ற இடங்களில் மை திட்டாகத் தேங்கியிருக்கிறது. எழுதியதல்ல, வரைந்தது. அதைவிட, கோட்டில் ஒரு இடத்திலும் நடுக்கம் இல்லை. பக்கவாதம் வந்த எண்பத்தெட்டு வயதுக்காரரின் கை என் கையைவிட உறுதியாக இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

புத்தகங்களை எண் வரிசையில் அடுக்கி மறுபடி பார்த்தேன். ஒன்றாம் எண்ணில் கையெழுத்து மோசம். பத்தில் பரவாயில்லை. முப்பதுக்கு மேல் சுழி தானாகப் பறக்கிறது. வரதையனுக்குத் தன் கையெழுத்து போகப் போகப் பழகியிருக்கிறது.

முப்பத்தொன்பதும் பொய். ஒரே ஆள் ஒரே மூச்சில் உட்கார்ந்து போட்டது.

பூங்கோதையை எவனோ நன்றாக ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்தேன். முப்பத்தொன்பது முறை.

ஜூன் 27

பேராசிரியர் போன் செய்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். சோதனை நடக்கிறது என்றேன். பலகைக்கு ஆர்டர் கொடுத்தாயிற்றாம். ஒன்பது வருடத்தில் தெரிந்தே தவறான சான்றிதழ் ஒன்றில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 2

யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கையெழுத்து இன்னொருவருடையதைப் பார்த்துப் போட்டது. அதில் போட்டவனின் அடையாளம் இருக்காது. ஆனால் கீழே இருக்கும் வரிசை எண்ணை யாரையும் பார்த்து எழுதியிருக்க மாட்டான். 7, 17, 27, 37 எல்லாவற்றிலும் ஏழின் இடுப்பில் ஒரு சிறு குறுக்குக்கோடு இருக்கிறது. நான்கின் தலை திறந்திருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு ஃபிரிட்ஜைத் திறந்தபோது உள்ளே மல்லித்தூள் டப்பா. அதில் வெள்ளை டேப் ஒட்டி, அரைத்த தேதி எழுதியிருக்கிறது. 27-1-24. ஏழின் இடுப்பில் குறுக்குக்கோடு.

டப்பாவை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தேன். நாலையும் பார்த்தேன்.

ஒரு மாதிரி போதாது, குறைந்தது மூன்று வேண்டும் என்பது விதி. அவள் கையால் எழுதிய வேறு எதையாவது வீடு முழுக்கத் தேடினேன். கல்யாணமாகி ஐந்து வருடம். மளிகை லிஸ்ட் வாட்ஸ்அப்பில். பிறந்தநாள் வாழ்த்து வாட்ஸ்அப்பில். சண்டைகூட வாட்ஸ்அப்பில்தான். கடைசியில் மிளகாய்த்தூள் டப்பா ஒன்றும், மின் மீட்டர் அட்டையில் ஒரு வரியும் கிடைத்தன.

மூன்றும் ஒத்துப்போகின்றன. என் மனைவியின் எழுத்து என்னிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பீரோ நிறைய இருக்கிறது, வேறொருவர் பெயரில்.

ஜூலை 3

லீவு போட்டேன். காரணம்: வயிற்று வலி.

ஜூலை 7, ஞாயிறு

போட்டவள் அவளே என்றால், எதற்கு வாங்கிச் சேர்த்தாள் என்பது புரியவில்லை. இன்று ஒவ்வொரு பிரதியிலும் இருக்கும் கடை முத்திரை, பழைய சொந்தக்காரர் பெயர் எல்லாவற்றையும் குறித்தேன். மதுரை, சேலம், திருச்சி, ஈரோட்டில் யாரோ ஒரு டாக்டர் வீடு. கல்யாணமான மூன்றாம் வாரம் கொடைக்கானல் போகும் வழியில் வத்தலக்குண்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அதுவும் இருக்கிறது, எண் 33. நான் வெளியே காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்றிலிருந்து நாற்பது வரை, ஒரே ஒரு எண் இல்லை. 26.

அப்போதுதான் இதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது. எங்கள் லேபில் மூன்று வருடம் முன்னால் எங்கள் மூல எடைக்கல்லே தவறு என்று கண்டுபிடித்தோம். அதை வைத்துச் சரிபார்த்த கருவி எல்லாவற்றையும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமிருந்தும் திரும்ப வாங்கினோம். எண் போட்ட பட்டியல் வைத்து, ஒன்று பாக்கியில்லாமல். நான்தான் செய்தேன். வீட்டில் அவளிடம் தினமும் அதைப் பற்றிப் பேசினேன். நிறையக் கேள்வி கேட்டாள். என் வேலையில் அவளுக்கு அவ்வளவு ஆர்வமா என்று சந்தோஷப்பட்டேன்.

இது சேகரிப்பு இல்லை. திருப்பி எடுத்தல்.

அவள் போனில் தொடர்பு எண்களைப் பார்த்தேன். '26' என்றே ஒரு பெயர் இருந்தது. அந்தப் போனிலிருந்தே அழைத்தேன். எடுத்தவர் ஒரு பெரியவர். "என்ன கண்ணு, அஞ்சு மாசமா ஆளையே காணோம். புஸ்தகம் வேண்டாமா?" என்றார்.

நான் அவள் வீட்டுக்காரர் என்றேன். பிறகு மற்றதையும் சொன்னேன். வரும் ஞாயிறு நேரில் வரச் சொன்னார்.

ஜூலை 14, ஞாயிறு

சிங்காநல்லூரில் சைக்கிள் கடை. பெயர் சென்னியப்பன். எழுபது வயது இருக்கும். மில்லில் ஃபிட்டராக இருந்தவர். 'ஏழரை மணிச் சங்கு' அந்த மில்லைப் பற்றிய கதைதானாம். அதில் வரும் ஒரு குடிகாரன் தானே என்று பெருமையாகச் சொன்னார்.

விழா நாளன்று தண்ணீர் குடிக்க மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு கல்லூரிப் பெண் தனியாக உட்கார்ந்து, ஒரு பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பதிப்பகத்தில் பகுதிநேரமாகப் புரூஃப் பார்த்த பெண். ஐயாவுக்கு வலது கை விழுந்துவிட்டது, அவரே உன்னைப் போடச் சொல்லிவிட்டார் என்று முதலாளி சொன்னதை நம்பியிருக்கிறாள்.

"நான் கேட்டனுங்க, ஏம்மா, ஐயாவுக்கு நெனப்பே தப்பிக் கெடக்குதே, உங்கிட்ட எப்பச் சொன்னாருன்னு. பேனாவக் கீழ வெச்சுட்டு அழுக ஆரம்பிச்சிருச்சு. நாப்பதும் முடிஞ்சிருந்துது. சரி அழுவாத, போட்டது போட்டாச்சு, எனக்கொண்ணு குடுன்னு கையில வந்ததை எடுத்துட்டு வந்தேன். இருபத்தாறு."

மூன்று வருடம் கழித்து அவரைத் தேடிக் கண்டுபிடித்து வந்திருக்கிறாள். தெரியாமல் வாங்கினவர்கள் வீட்டில் அது இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்குவதாகச் சொன்னாளாம்.

"நாந்தான் தெரிஞ்சு வாங்குனவனாச்சே, எங்கிட்ட எதுக்குப் புடுங்கறேன்னு சண்டைக்குப் போவேன். அதும் விடாது. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வந்துரும். சண்டை போட்டு, டீயக் குடிச்சுட்டுப் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் தையல் வகுப்புக்குப் போவது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தையல் மெஷின் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

கேட்க வந்தது ஒன்றுதான். "எங்கிட்ட ஏன் சொல்லலைன்னு ஏதாவது சொன்னாளுங்களா?"

அவர் ஒரு டியூபை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. மறுபடி முக்கினார்.

"சொல்லுச்சுங்க. கல்யாணத்துக்கு மொய் வந்த வெள்ளி டம்ளரையே ஆபீசுக்குக் கொண்டுபோயி எடை பாத்து, கொறையுதுன்னு கடைக்காரன்கிட்டத் திருப்பிக் குடுத்த மனுசன். இது தெரிஞ்சா எனக்கும் ஒரு செவப்பு ஸ்டிக்கர ஒட்டி எங்கப்பன் ஊட்டுக்கு அனுப்பிருவாருன்னு. சிரிச்சுட்டேதான் சொல்லுச்சு."

டம்ளர் குறைந்தது உண்மை. 3.2 கிராம்.

கிளம்பும்போது புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அடுத்த தடவை வந்தால் கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தாராம். கொடுத்துவிட்டால் அப்புறம் வராது என்றுதான் இழுத்தடித்தாராம். நான் திறந்து பார்த்தேன். 26. கையெழுத்து நன்றாகவே வந்திருந்தது. உங்களிடமே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்தேன்.

ஜூலை 15

இருபத்தாறை ஏன் வாங்காமல் வந்தேன் என்று லேபின் தரக் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். நான் செய்தது சரிதான். அத்தியாயம் எட்டில் இருக்கிறது. ஒரு பொருளில் குறை இருக்கிறது என்று தெரிந்தே வாடிக்கையாளர் அதை ஏற்றுக்கொண்டால், நிராகரிக்க வேண்டியதில்லை, திருப்பி எடுக்க வேண்டியதில்லை. அவரே வைத்துக்கொள்ளலாம். சிவப்பு ஸ்டிக்கரும் இல்லை, பச்சையும் இல்லை. அதற்கென்று மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கிறது. வருடத்துக்கு நாற்பது ஐம்பது ஒட்டுகிறேன்.

எடைக்கல் விவகாரத்தின்போது எல்லா விதியையும் அவளிடம் சொன்னேன். இதைச் சொன்னேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அதே அத்தியாயத்தில் அடுத்த விதி, திருப்பி எடுத்த பொருள் மறுபடி வெளியே போகாதபடி அழிக்க வேண்டும் என்கிறது. அதற்குக் காலக்கெடு எதுவும் போடவில்லை. கையேடு தயாரித்தவர்கள் கவனக்குறைவு.

ஜூலை 20

சான்றிதழ் எழுத உட்கார்ந்தேன். அசல் என்று எழுதினால், பன்னிரண்டு வருடமாக அவள் உள்ளே இழுத்ததை நான் கண்ணாடி போட்டு, விளக்கு வைத்து, பித்தளையில் அவள் பெயரோடு வெளியே விடுவதாகும். பொய் என்று எழுதினால், பதினாலு பேர் வேனில் வந்து அதைக் கேட்க வேண்டும்.

காகிதத்தை எடுத்துவைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பேராசிரியர் வீட்டுக்குப் போய் மூன்று கடிதங்களையும் திருப்பிக் கொடுத்தேன். சான்றிதழ் எங்கே என்றார். புத்தகங்களைத் தருவதாக இல்லை என்றேன்.

சோதனையில் ஏதாவது தவறா என்று கேட்டார். முதற்பதிப்புதான், சந்தேகமே இல்லை என்றேன். அது உண்மை. கையெழுத்து என்று ஆரம்பித்தார். மனசு மாறிவிட்டது என்று அவர் முடிப்பதற்குள் சொன்னேன். இதற்கு முன் ஒரு வாடிக்கையாளரிடம் அப்படிச் சொன்னதில்லை.

வேறு யாராவது விலை பேசினார்களா என்று கேட்டார். பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொள்வார் என்று தெரிந்துதான் இருந்தேன். எடுத்துக்கொண்டார். எழுந்து உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றிய பலகையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கனமாக இருந்தது. எழுத்துகளை ஆழமாக வெட்டியிருக்கிறார்கள்.

"ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மனிதர் வாக்குக் கொடுத்தோமே என்று எழுந்து நாற்பது கையெழுத்துப் போட்டார். நீங்கள் அதை விற்கப் பார்க்கிறீர்கள். உங்கள் மனைவி இருந்திருந்தால் உங்களை நினைத்து வெட்கப்பட்டிருப்பார் தம்பி."

இருக்கலாம் ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5

மாமனாருக்குப் போன் செய்து, விழாவுக்கு வர வேண்டாம், புத்தகங்களைக் கொடுக்கவில்லை என்று சொன்னேன். காரணம் கேட்டால் சொல்ல இரண்டு மூன்று தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

"உட முடியலீங்களா மாப்ள?" என்றார்.

அது காரணம் இல்லை. வேறு காரணம் எதையும் அவரிடம் சொல்ல முடியாது என்பதால், ஆமாங்க மாமா என்றேன். சரி, வேனை நான் சொல்லிக்கறேன், சாப்பிட்டீங்களா என்றார். சாப்பிட்டேன் என்றேன். அவர் வைத்துவிட்டார்.

போனைக் கீழே வைக்காமல் இன்னொரு முறை ஆமாங்க என்றேன்.